ஆண்டு 4 பிரச்சனைக் கணக்கு: கதை சாட்ஜிபிடியுடையது, எண் உங்களுடையது

வணக்கம் டீச்சர். சுங்கை சிப்புட் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்காக சாட்ஜிபிடியிடம் கணக்கு கேட்டீர்கள், பல விடைகள் தப்பு, ஒன்றில் பேருந்துக்கு 37.5 மாணவர்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

சாட்ஜிபிடி போன்ற ஏஐ மாடல்கள் அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்து எழுதுபவை. கதை நன்றாக வரும், பெருக்கல் வகுத்தலில் சறுக்கும். அதனால் எண்களை அதனிடம் விடாதீர்கள். "லாரியில் அ குலைகள், ஒரு குலை ஆ கிலோ" என்று எண் வரும் இடத்தில் எழுத்தை வைத்துத் தரச் சொல்லுங்கள். எக்செலில் நீங்களே 45, 18 என்று போட்டால் 810 கிலோ, விடை கையோடு வந்துவிடும்.

வகுத்தலை விடையிலிருந்து தொடங்குங்கள். 4 பேருந்து, ஒவ்வொன்றிலும் 38 பேர் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, கேள்வியில் 152 மாணவர்கள் என்று வையுங்கள். அரை மாணவன் வரவே மாட்டான்.

பணக் கணக்கையும் பாருங்கள். 2008 ஏப்ரல் முதல் நம் மலேசியக் கடைகளில் ரொக்கத் தொகையைக் கிட்டிய 5 சென்னுக்கு மாற்றுகிறார்கள். மாடலோ மீதிப்பணம் 7 ரிங்கிட் 43 சென் என்று எழுதும். பிள்ளைகள் கையில் வாங்காத சில்லறை அது! தொகை 0 அல்லது 5-இல் முடியட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மாடலிடம் கேட்கும்போது பாடநூல் கணக்கு ஒன்றை மாதிரியாக ஒட்டுங்கள், அது எழுதும் வாக்கியம் சுருங்கும். அச்சடிக்கும் முன் ஒரு பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் வரியை மாற்றிவிடலாம்.