டேபிள் செல் தகராறு: அண்ணாச்சியிடம் கேளுங்க

பாளையங்கோட்டைத் தம்பி: அண்ணாச்சி, பஸ் நேரம் காட்டுத ஐபோன் ஆப் செய்யுதேன். ‘பேட்டை’ன்னு வந்தா அழகா நிக்குது. ‘சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழி பாபநாசம்’னு வந்தா பாதியில அறுந்து மூணு புள்ளி வந்திருது. டேபிள்ல ஒவ்வொரு வரிசையும் ஒரு செல், அது நானே வடிவமைச்ச கஸ்டம் செல்தான்.

பதில்: ரோ உயரத்தை 44னு கையால போட்டிருப்பீங்க தம்பி. ஒரு வரிக்குச் சரி, நம்ம ஊர்ப் பேருக்குக் காணாது. எழுத்தைக் காட்டுத லேபிள்ல நம்பர் ஆஃப் லைன்ஸ் பூஜ்யம் வைங்க, எத்தனை வரி வேணும்னாலும் எடுத்துக்கிடும். டேபிளோட ரோ ஹைட்டுக்கு ஆட்டோமேட்டிக் டைமென்ஷன், எஸ்டிமேட்டட் ரோ ஹைட்டுக்கு 60ன்னு ஒரு உத்தேசம். செல் தன் உயரத்தைத் தானே கணக்குப் பாக்குத இந்த வசதி 2014-ல ஐஓஎஸ் 8-லயே வந்தாச்சு.

இவ்வளவு செஞ்சும் சில பேருக்கு உயரம் வராது. கன்ஸ்ட்ரெய்ன்டைப் பாருங்க, எது எதோட ஒட்டி நிக்கணும்னு சொல்லுத கட்டு அது. செல்லுக்குள்ள எல்லாத்தையும் தாங்குத கன்டென்ட் வியூவோட மேல் விளிம்புல ஊர்ப் பேர் லேபிளைக் கட்டணும், அதுக்குக் கீழ நேர லேபிள், அங்கயிருந்து கன்டென்ட் வியூவோட கீழ் விளிம்பு. இந்தச் சங்கிலி எங்கயும் அறக்கூடாது. கடைசிக் கண்ணியை விட்டுட்டுத்தான் நிறைய பேர் என்கிட்ட வருதாங்க. அது இல்லாட்டி எங்க முடியணும்னு செல்லுக்குத் தெரியாது, அடுத்த பஸ் மேல எழுத்து ஏறிரும். இன்னொண்ணு, செல்லோட கட்டாதீங்க, கன்டென்ட் வியூவோட கட்டுங்க.

அதே தம்பி: கீழ் விளிம்பையும் கட்டிட்டேன். இப்போ கன்சோல்ல ‘என்கேப்சுலேட்டட் லேஅவுட் ஹைட்’னு நீளமா எச்சரிக்கை வருது.

பதில்: டேபிள் தன் பங்குக்கு ஒரு உயரத்தை 1000 ப்ரையாரிட்டியில, அதாவது விட்டுக்கொடுக்காத முன்னுரிமையில போடும், உங்க கணக்கு அதோட மோதுது. கீழ்க் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஒண்ணை மட்டும் 999 ஆக்குங்க. அதுக்கு முன்னால உங்க கூட்டல் சரியான்னு பாத்துக்கிடுங்க. தப்பான கணக்கை மூடி மறைக்க 999 போடுதது எனக்குப் பிடிக்காது.

தென்காசித் தங்கச்சி: ஊர்ப் பேர் நீளமானா வலப்பக்கத்து நேரம் ‘காலை 6…’னு நசுங்குது அண்ணாச்சி.

பதில்: நேர லேபிளுக்குக் கிடைமட்ட கம்ப்ரெஷன் ரெசிஸ்டன்ஸ் (நசுங்காம எதிர்க்குத பலம்) 751, ஹக்கிங் (விரியாம ஒட்டி நிக்குத பலம்) 252 வைங்க. ஊர்ப் பேர் அடுத்த வரிக்கு இறங்கிக்கிடும். பஸ்ஸுக்கு நிக்குதவங்களுக்கு நேரம்தானே முக்கியம்.

பத்தமடைக்காரர்: பாய் விக்குத ஆப். வேகமாத் தள்ளினா தள்ளுபடி இல்லாத பாய்க்கும் தள்ளுபடிப் பட்டை வருது. படம் வேற மாறிருது.

பதில்: திரையை விட்டுப் போன செல்லைத்தான் டேபிள் திரும்ப எடுத்துக் கொடுக்கும், பழைய பாயோட கோலம் அதுல ஒட்டியிருக்கும். செல் திரும்ப வரதுக்கு முன்னால ஓடுத ப்ரிப்பேர் ஃபார் ரீயூஸ்ல படத்தை நீக்கிட்டு, ஓடிக்கிட்டு இருக்குத டவுன்லோடையும் நிறுத்துங்க. தள்ளுபடி இருந்தா பட்டையைக் காட்டு, இல்லன்னா மறைன்னு ரெண்டையும் எழுதுங்க. பட இடத்துக்கு நீள அகல விகிதத்தை முன்னாலயே கட்டிருங்க, படம் பிந்தி வந்தாலும் செல் குதிக்காது.

அம்பாசமுத்திரம் தம்பி: அம்மா போன்ல எழுத்து ரொம்பப் பெருசு. என் ஆப்ல மட்டும் சின்னதாவே நிக்குது.

பதில்: எழுத்தளவை எண்ணால போடாம போன்ல வச்ச அளவுக்கு ஏத்த ப்ரிஃபர்ட் ஃபான்ட் எடுங்க, அட்ஜஸ்ட்ஸ் ஃபான்ட் ஃபார் கன்டென்ட் சைஸ் கேட்டகரியை ட்ரூ ஆக்குங்க. முடிச்சதும் அம்மா போன்லயே போட்டு, ‘கல்லிடைக்குறிச்சி’ முழுசாத் தெரியுதான்னு அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க.