கூடாரங்களுக்கு நடுவே டிஸ்க் கோல்ஃப்: வேக டிஸ்க் பையிலேயே இருக்கட்டும்

கேள்வி: கேரள-தமிழக எல்லையில் ராமக்கல்மேட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் கூடார முகாம் நடத்துகிறோம். அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் டிஸ்க் கோல்ஃப் (வட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் விளையாட்டு) ஆடப் பன்னிரண்டு டிஸ்க் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாவற்றிலும் முதல் எண் 11, 12, 13 என்று இருக்கிறது. கம்பம் ஊரில் ஒரு பட்டறையில் கூடை செய்து ஒன்பது ஹோல் (எறியும் இடமும் அதற்கான கூடையும்) போட்டோம். 3-வது ஹோல் 95 மீட்டர். இடப்பக்கம் கூடார வரிசை, வலப்பக்கம் வெறும் புல், கூடைக்குப் பின்னால் ஏலத்தோட்டம். யார் எறிந்தாலும் டிஸ்க் இடப்பக்கமே விழுந்து கூடாரத்தில் அடிக்கிறது. 7-வது ஹோலில் கூடையிலிருந்து நாற்பது எட்டில் பாறை விளிம்பு. இரண்டு டிஸ்க் கீழே போய்விட்டன. விருந்தினருக்கு எறியச் சொல்லிக்கொடுப்பது எப்படி? களத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் அதற்கு முன் மிச்சமிருக்கும் அந்த டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வையுங்கள். உங்கள் சிக்கலில் பாதி கையில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது.

டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களும் வரிசையாக வேகம், மிதப்பு, திரும்பல் (தொடக்கத்தில் வலப்பக்கம் வளைவது), சாய்வு (இறுதியில் இடப்பக்கம் சரிவது). முதல் எண் அந்த டிஸ்க் எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அது ஒழுங்காகப் பறக்க எவ்வளவு வேகம் தேவை என்பதைத்தான் சொல்கிறது. 12, 13 எண்ணுள்ள டிஸ்க்குக்கு மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொடுக்க வேண்டும். முதல்முறை எறிபவரின் கையிலிருந்து கிளம்புவது 60, மிஞ்சினால் 70. அந்த வேகத்தில் டிஸ்க் கிளம்பும்போதே இறுதிக்கட்டத்துக்கு வந்துவிடுகிறது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும்போது டிஸ்க் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்கிறது. வேகம் குறையக் குறைய மூக்கு, அதாவது முன்விளிம்பு, தூக்கப் பார்க்கும். சுழலும் பொருள் என்பதால் அந்தத் தூக்கல் இடப்பக்கச் சாய்வாக மாறிவிடும். 95 மீட்டர் போக வேண்டிய டிஸ்க் 40 மீட்டரிலேயே இடப்பக்கம் வெட்டி இறங்கும். உங்கள் கூடாரங்கள் சரியாக அங்கேதான் இருக்கின்றன. உயரமும் கொஞ்சம் சேர்ந்துகொள்கிறது: சுமார் 3,500 அடியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் எந்த டிஸ்க்கும் சற்று முன்னதாகவே சாயும்.

வாங்க வேண்டியவை இரண்டே வகை. வேக எண் 2 அல்லது 3 உள்ள பட்டர் (குறுந்தூர டிஸ்க்), 4 அல்லது 5 உள்ள மிட்ரேஞ்ச் (நடுத்தூர டிஸ்க்). இன்னோவாவின் ஏவியார் (2, 3, 0, 1), டிஸ்கிராஃப்டின் பஸ் (5, 4, -1, 1) போன்றவை. ஆளுக்கு ஒரு பட்டர், இருவருக்கு ஒரு மிட்ரேஞ்ச் போதும். எடை 165 முதல் 175 கிராம், சிறுவர்களுக்கு 150. பட்டரின் விளிம்பு தடித்து மழுங்கியிருக்கும். வேக டிஸ்க்கின் விளிம்பு மெலிந்து கூராக இருக்கும், முழங்காலில் பட்டால் தெரியும். நிறம் இளஞ்சிவப்போ ஆரஞ்சோ இருக்கட்டும். பச்சையும் மஞ்சளும் புல்லில் கரைந்துவிடும், வெள்ளை மூடுபனியில் கரைந்துவிடும். அடிப்பக்கம் அழியாத மையில் முகாமின் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள்.

இப்போது களம். முகாமில் ஒரு ஹோலின் நீளம் 35 முதல் 60 மீட்டர் இருந்தால் நல்லது. பட்டரால் இரண்டு எறிதலில் கூடைக்குப் பக்கம் வந்துவிடலாம், எல்லாவற்றுக்கும் பார் 3, அதாவது மூன்று எறிதலில் முடிக்கும் கணக்கு, வைக்கலாம். நால்வர் குழு ஒன்பதையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். 95 மீட்டரை யாரும் இழக்க விரும்ப மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் நீண்ட ஹோலில் விருந்தினர் மகிழ்வதில்லை, டிஸ்க் தேடுகிறார்கள்.

3-வது ஹோலைத் திருப்பிப் போடுங்கள். கூடை இருந்த இடத்தின் பக்கமிருந்து எறியும்போது கூடாரங்கள் வலப்பக்கம் வரும், வெறும் புல் இடப்பக்கம் வரும். ஏலத்தோட்டமும் எறிபவரின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நீளத்தை 50 மீட்டராக்குங்கள். கூடாரத்துக்கும் எறியும் கோட்டுக்கும் இடைவெளி, கூடாரம் இடப்பக்கமானால் 30 மீட்டர், வலப்பக்கமானால் 20 மீட்டர் என்று நான் வைப்பேன். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ். ஆகவே இடம் இருந்தால் இருபக்கமும் 30. வழியில் ஒரு சில்வர் ஓக் மரம் இருந்தால் அதில் அம்புக்குறிப் பலகை கட்டி, டிஸ்க் அதன் இடப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று வையுங்கள். விளையாட்டில் இதற்குப் பெயர் மாண்டடரி. தவறினால் ஓர் எறிதல் தண்டம். நூறு எச்சரிக்கைப் பலகையைவிட இது கேட்கப்படும். எறியும் இடத்துக்கு மிக அருகில் நிற்கும் மரங்களில் மார்பு உயரத்துக்குக் கயிற்றுச் சுற்றோ சாக்கோ கட்டுங்கள், திரும்பத் திரும்ப அடிபட்டுப் பட்டை உரியும். வழி மறைக்கிறது என்று மரத்தை வெட்டப் போக வேண்டாம். ஏலமலைக் காட்டு நிலத்தில் அதற்கு வனத்துறைக் கட்டுப்பாடு இருக்கிறது. தவிர, மரம் இல்லாத டிஸ்க் கோல்ஃப் சப்பென்றிருக்கும்.

7-வது ஹோல்தான் எனக்குக் கவலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த மேட்டில் காற்று மேற்கிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கை நோக்கி அடிக்கிறது. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. நீங்கள் அதே திசையில், விளிம்பை நோக்கி எறிய வைத்திருக்கிறீர்கள். டிஸ்க் கேரளத்தில் கிளம்பித் தமிழ்நாட்டில் இறங்குவது கதையாகச் சொல்ல நன்றாக இருக்கும். அதைத் தேடி ஒரு பையன் விளிம்புக்குப் போவான், அங்கேதான் பயம். எறியும் இடத்தையும் கூடையையும் மாற்றிப் போடுங்கள். பழைய கூடை விளிம்பிலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர், அங்கே நின்று மேற்கே எறியட்டும். எறிபவருக்குப் பின்னால் இடுப்புயர வேலி கட்டாயம். அதற்கு அப்பால் போன டிஸ்க் போனதுதான் என்று விதிப்பலகையிலேயே எழுதிவிடுங்கள். விளிம்புக்கு இணையாக ஓடும் ஹோல்களுக்கும் 50 மீட்டர் இடைவெளி விடுங்கள், பக்கக்காற்று அடிப்பாகத்தில் பட்டால் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

எதிர்க்காற்றில் டிஸ்க்குக்கு வேகம் கூடியது போல இருக்கும்: வலப்பக்கம் திரும்பும், மேலே ஏறும். அப்போது இன்னும் பலமாக வீசுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கனமான மிட்ரேஞ்சை எடுத்து, வெளிவிளிம்பை லேசாகக் கீழே சாய்த்து, தோளுயரத்துக்கு மேல் போகாமல் அடக்கி எறியச் சொல்லுங்கள். பின்காற்றில் நேர்மாறு, பட்டரைச் சற்று உயர்த்திவிட்டால் போதும்.

சொல்லிக்கொடுப்பதில் மூன்று விஷயம் போதும். ஓட வேண்டாம், நின்றே எறியட்டும். மழையில் செம்மண் வழுக்கும். டிஸ்க் மார்பை ஒட்டி நேர்கோட்டில் வரட்டும், வட்டமாகச் சுற்றி வந்தால் எங்கே விடுவது என்று கைக்குத் தெரியாது. மூன்றாவது, மூக்கு தூக்கக் கூடாது. டிஸ்க் மேலே ஏறி, நின்று, இடப்பக்கம் சரிந்தால் காரணம் இதுதான். கட்டைவிரலை விளிம்பின் ஓரத்தில் வைக்காமல் சற்று உள்ளே தட்டையான பகுதியில் அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். சரிவில் கீழ்நோக்கி எறியும்போது இன்னும் அதிகம் தூக்குவார்கள். கூடையின் அடியைப் பார்த்து எறியச் சொல்லுங்கள்.

கூடையையும் ஒருமுறை அளந்து பாருங்கள். டிஸ்க் விழும் தட்டின் மேல் விளிம்பு தரையிலிருந்து 82 செ.மீ.; கூடிக் குறைந்தால் 6 செ.மீ. வரை. தட்டின் அகலம் 65 செ.மீ. அளவில், தட்டுக்கும் மேல் வளையத்துக்கும் இடையே அரை மீட்டருக்குச் சற்று மேல். பட்டறைகள் பெரும்பாலும் சங்கிலியில் மிச்சம் பிடிக்கும். ஒரே சுற்றாகப் பன்னிரண்டு சங்கிலி தொங்கவிட்டால் டிஸ்க் ஊடே புகுந்து மறுபக்கம் போய்விடும். டிஸ்க் கோல்ஃபின் தந்தை எனப்படும் எட் ஹெட்ரிக் 1970-களில் சங்கிலிக் கூடைக்குக் காப்புரிமை வாங்கியதே, டிஸ்க்கின் வேகத்தைச் சங்கிலி உறிஞ்சிக் கீழே போட வேண்டும் என்பதற்காக. வெளிச்சுற்றில் பன்னிரண்டு, உள்சுற்றில் குறைந்தது ஆறு சங்கிலி வேண்டும், தளர்வாகத் தொங்க வேண்டும். கூடையின் கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைக்காமல், அதைவிடப் பெரிய குழாயை இரண்டடி ஆழத்தில் புதைத்து அதற்குள் இறக்கிப் பூட்டுங்கள். குழாயின் அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் தேங்காது. ஹோலுக்கு இரண்டு குழாய் புதைத்தால் காற்றுக்காலத்துக்கு ஒன்று, மற்ற மாதத்துக்கு ஒன்று என்று கூடையை மாற்றலாம்.

விதிகளில் விருந்தினருக்குத் தெரிய வேண்டியவை குறைவு. கூடையிலிருந்து தொலைவில் இருப்பவர் முதலில் எறிவார், மற்றவர் அவருக்குப் பின்னால் நிற்பார். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறிந்தால் எறிந்தபின் நிலையாக நின்றுவிட்டுத்தான் முன்னே போகலாம். தேட 3 நிமிடம். கிடைக்காவிட்டால் ஒரு தண்டம், முந்தைய இடத்திலிருந்து மீண்டும். மரத்தில் சிக்கினால், முன்கூட்டியே இரண்டு மீட்டர் விதி (அந்த உயரத்துக்கு மேல் சிக்கினால் தண்டம்) அறிவித்திருந்தாலொழியத் தண்டமில்லை, நேர் கீழே வைத்து ஆடலாம். கல்லெறிந்து இறக்க வேண்டாம், தொரட்டி வைத்திருங்கள்.

ஏலத்தோட்டத்தை முழுதும் எல்லைக்கு வெளியே என்று அறிவியுங்கள்: ஒரு தண்டம், டிஸ்க் எல்லை தாண்டிய இடத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து ஆட்டம். விருந்தினர் யாரும் உள்ளே போகக் கூடாது. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும், மிதித்தால் அந்தச் சரத்தின் காய் போயிற்று. மருந்து அடித்த நாளில் இலையெல்லாம் நஞ்சு. மழைக்காலத்தில் அட்டையும் ஏறும். மாலையில் தோட்டத்து ஆள் ஒருவர் வரிசைக்கு நடுவே நடந்து எடுத்துவரட்டும். டிஸ்க்குக்குப் பத்து ரூபாய் என்று பேசிக்கொண்டால் ஒன்றும் தொலையாது.

எறியும் இடத்திலிருந்து கூடை தெரியவில்லையென்றால் அந்த ஹோலை மூடிவிடுங்கள். ராமக்கல்மேட்டில் மூடுபனி ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், அதற்குள் நடந்து போகிறவர் யார் என்று தெரியாது. காலை ஏழுக்கு முன்னாலும் ஆட்டம் வேண்டாம். அது பாதுகாப்புக்காக மட்டுமல்ல, சங்கிலிச் சத்தம் கூடாரத் துணிக்குள் நன்றாகவே கேட்கும்.