பிளர் போட்டால் பட்டனும் சேர்ந்து மங்குகிறதே?

கேள்வி: கட்டணக் கட்டுரைகளை மங்கலாகக் காட்ட ரியாக்டில் (வலைப்பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ஒரு பிளர் காம்பொனென்ட், அதாவது திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் துண்டு, எழுதினேன். மேலே வரும் ‘சந்தா செலுத்துங்கள்’ பட்டனும் சேர்ந்து மங்கிவிடுகிறது. பட்டனுக்கு மட்டும் பிளர் பூஜ்யம் என்று கொடுத்தும் பயனில்லை. இதையே மேல் மெனுவுக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸின் பில்டர், ஒரு டிவ்வை (பக்கத்தில் ஒரு பெட்டி) அதற்குள் இருக்கும் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே படமாக்கி, அந்தப் படத்தைத்தான் மங்கவைக்கிறது. உங்கள் பட்டனும் அந்தப் படத்துக்குள் போய்விட்டது. உள்ளே இருந்துகொண்டு அது தப்பிக்க முடியாது, வெளியே எடுத்தாக வேண்டும்.

வெளியே ஒரு டிவ், பொசிஷன் ரிலேட்டிவ். அதற்குள் அண்ணன் தம்பியாக இரண்டு டிவ்கள்: முதலாவதில் கட்டுரை, பில்டர் அதற்கு மட்டும். இரண்டாவது பட்டனோடு அதன் மேல் அப்சல்யூட்டாக உட்காரும். பட்டனைத் தனி பிராப்பாக (காம்பொனென்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) வாங்கிக்கொள்ளுங்கள். மங்கும் அளவு இன்னொரு பிராப். அதை சிஎஸ்எஸ் மாறியாக ஸ்டைலில் இறக்கிவிட்டால் அளவுக்கு ஒரு கிளாஸ் எழுதும் வேலை மிச்சம்.

பிளரை அணைக்கும்போது பூஜ்யம் கொடுக்காதீர்கள், ‘நன்’ (none) என்றே கொடுங்கள். பூஜ்யமாக இருந்தாலும் பில்டர் பில்டர்தான். உள்ளே பொசிஷன் பிக்ஸட் போட்ட பாப்அப் இருந்தால், திரையை விட்டுவிட்டு அந்த டிவ்வைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காரணம் தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

8 பிக்சல் பிளர் 8 பிக்சலோடு நிற்காது, ஓரத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் கசியும். வெளி டிவ்வுக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் கொடுத்துவிடுங்கள்.

மங்கிய பகுதியில் இருக்கும் லிங்குகளுக்கு டேப் விசை இன்னும் போகும், ஸ்கிரீன் ரீடரும் கட்டுரையை வாசிக்கும். அந்த டிவ்வுக்கு ‘இனர்ட்’ (inert) என்ற ஹெச்டிஎம்எல் பண்பைப் போட்டால் இரண்டும் நிற்கும். ஆனால் பிரவுசரில் பக்கத்தின் நிரலைக் காட்டும் டெவ்டூல்ஸைத் திறக்கத் தெரிந்தவருக்கு பிளர் ஒரு பொருட்டே இல்லை. முழுக் கட்டுரையை சர்வரிலிருந்து அனுப்பவே கூடாது. முதல் பத்தியையும், கீழே மங்கவைக்க ஏதாவது பொய் வரிகளையும் அனுப்புங்கள்.

மெனுவுக்கு இது ஆகாது. அங்கே மங்க வேண்டியது மெனுவுக்குப் பின்னால் ஓடும் பக்கம், அதற்கு பேக்டிராப் பில்டர். மெனுவின் பின்னணி நிறம் கொஞ்சமாவது ஊடுருவித் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பிளர் இருப்பதே தெரியாது. சஃபாரி 18க்கு முந்தையவற்றுக்கு வெப்கிட் முன்னொட்டோடும் (-webkit-) ஒரு வரி சேருங்கள். இரண்டையும் ஒரே காம்பொனென்ட்டில் திணிக்காமல் தனித்தனியாக எழுதுவதே என் வழக்கம்.