இது எந்த லைன்?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை செய்கிறேன். மேலாளர் ஈமெயிலின் கடைசியில் ‘ட்ராப் மீ எ லைன்’ என்று எழுதியிருந்தார். லைனைக் கட் பண்ணச் சொல்கிறாரோ என்று பயந்து இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். அகராதியைத் திறந்தால் அந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போகிறது. இதையெல்லாம் எப்படி ஞாபகம் வைப்பது?
– வாசகி, கொழும்பு 6

பதில்: முதல் வேலையாக அவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள் தங்கச்சி, அவர் கேட்டதே அதைத்தான். அந்த இடத்தில் லைன் என்றால் எழுத்து வரி.

பாடமாக்க வேண்டாம். நூல் என்று மட்டும் மனதில் வையுங்கள், மற்றது தானாக வரும். சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் கிடைக்கிறதே ஆளிவிதை, அந்தச் செடிக்கு லத்தீனில் லீனும் என்று பெயர். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அதிலிருந்து வந்தது லைன். லினன் துணியும் அதே செடியின் பிள்ளைதான். மதில் கட்டும் இடத்தில் மேசன் பாஸ் என்ன செய்கிறார் என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இந்த முனையில் ஓர் ஆணி, அந்த முனையில் ஓர் ஆணி, நடுவில் நூலை விண்ணென்று இழுத்துக் கட்டி, கல்லை அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் வைத்துக்கொண்டே போவார். பிறகு நூலை அவிழ்த்துவிடுவார், கல்வரிசை மட்டும் நேராக நிற்கும். லைன் என்ற சொல்லும் அப்படித்தான். முதலில் கயிறு, அப்புறம் கயிறு போன கோடு, அதற்கும் அப்புறம் அந்தக் கோட்டில் நிற்கும் எதுவும்: எழுத்து, ஆள், வீடு, தண்டவாளம். துணி காயப்போடும் கொடியும் மீன் பிடிக்கிற தங்கூசியும் இன்றும் கயிறாகவே இருக்கும் லைன்கள். டெலிபோனில் ‘ஹோல்ட் த லைன்’ என்றால் வயர் நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பேச்சில் வயர் அப்படியே இருக்கிறது. புறக்கோட்டையில் “அவர் ஹார்ட்வெயார் லைன்” என்கிறோமே, அதுவும் ஒருவர் பிடித்துக்கொண்டு போகும் வழிதான். வரிசையில் நிற்பதை மட்டும் லண்டனில் கியூ என்பார்கள், 2022இல் பெற்றோலுக்கு நாம் நின்றதும் கியூதான். அமெரிக்காவில் அது லைன்.

நமக்கு இது புதிதும் இல்லை. மேசன் பாஸ் கட்டுவதும் நூல், நாம் படிப்பதும் நூல். மரத்தின் கோணலைத் தச்சனுடைய நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பது ஏட்டு நூல் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லியிருக்கிறார். பஞ்சிலிருந்து புத்தகம்வரை நம் சொல் ஒன்று நடந்து போயிருக்கிறது, அதே தூரத்தை அங்கே ஆளிச்செடியிலிருந்து அவர்களுடைய சொல்லும் நடந்திருக்கிறது. எனக்கு இதைவிடச் சந்தோஷமான விஷயம் மொழியில் கிடையாது.

கேள்வி: சாரி பிளவுஸுக்கு வைக்கும் லைனிங்கும் இந்த லைன்தானா?
– தையல்காரர், கொட்டாஞ்சேனை

பதில்: ஒரே செடி, வேறு கிளை. உடுப்பின் உள்பக்கத்துக்கு முன்பு லினன் துணி வைத்துத் தைத்தார்கள், அதனால் அந்த வேலைக்கே லைன் என்று பெயராகிவிட்டது. கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கேள்வி: டெட்லைன் என்பதில் ஏன் சாவு வருகிறது? அசைன்மென்ட் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன்.
– பல்கலைக்கழக மாணவன், கொழும்பு

பதில்: உண்மையான சாவு தம்பி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864இல், ஜோர்ஜியாவின் அண்டர்சன்வில் சிறைமுகாமில் மதிலுக்கு உள்பக்கமாகச் சற்றுத் தள்ளி ஒரு சாதாரணக் கட்டைவேலி ஓடியது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அதைத்தான் டெட்லைன் என்றார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தச் சொல்லை நேரக் கெடுவுக்கு எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டில்.

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன், இப்போது புறக்கோட்டையில் கடையில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் ஒருவர், தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் சொல்லும் ‘லயம்’ என்பது குதிரை லாயத்திலிருந்து வந்தது, உங்களை மாடு குதிரை மாதிரி வைத்திருந்ததால் அந்தப் பெயர் என்கிறார். உண்மையா?
– வாசகர், கொழும்பு 11

பதில்: இல்லை தம்பி. லயம், லயன், இரண்டும் இதே லைன்தான். வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சிப்பாய்கள் தங்கும் வரிசைக் கட்டடங்களை லைன்ஸ் என்பது வழக்கம், இந்தியாவில் போலீஸ் லைன்ஸ் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. நம் மலைநாட்டில் முதலில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்ட பிறகு தேயிலைக்கும் ஆள் சேர்த்து வைத்த இடத்துக்கும் அதே பெயர் வந்தது. ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி.

பெயர் குதிரையிலிருந்து வரவில்லை என்பதற்காக, வைத்திருந்த விதம் சரி என்று ஆகிவிடாது. என் அம்மம்மாவின் காம்பராவில் நடுச்சுவர் கூரைவரை போகாது. இரவில் பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் அம்மம்மா எழுந்து இஸ்தோப்பில் அடுப்பு மூட்டிக் கொத்தமல்லி அவிப்பார், யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. மழை பெய்தால் அந்தத் தகரம் முழுவதும் ஒரே சத்தம்தான், பத்து வீட்டிலும் பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்றையும் பாருங்கள். காம்பரா போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது, அவர்கள் மொழியில் வாசல் திண்ணைக்கு ஸ்தூப். லயன் இங்கிலீஷ். இந்தத் தீவை ஆண்ட மூன்று பேரின் சொல்லும் அந்த 10 அடிக்குள் இருக்கிறது. அந்த நண்பரிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் தெரியட்டும்.

கேள்வி: அப்படியானால் எழுதும்போது லைனா, லயனா, லயமா?
– ஆசிரியை, வத்தளை

பதில்: கரண்ட், போன், தண்டவாளம் என்றால் லைன். வீடு என்றால் லயன் அல்லது லயம், உங்கள் ஊரில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படி. பிள்ளைகள் கட்டுரையில் லயம் என்று எழுதினால் சிவப்புப் பேனாவால் லைன் என்று திருத்திவிடாதீர்கள் டீச்சர்.