பழைய டெனிம், புது விலை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வார இறுதிச் சந்தையில் 'பழைய டெனிமில் செய்தது' என்ற லேபலைப் பார்த்து 6,500 ரூபாய்க்குத் தோள்பை வாங்கினேன். புதுத் துணி என்கிறாள் மகள். எப்படிக் கண்டுபிடிப்பது? (வெள்ளவத்தை)

பதில்: மகளுக்கு நல்ல கண், அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்கம், பின்பக்கம், பட்டி மூன்றும் ஒரே நீலம். உடுத்துக் கழித்த களுசான் அப்படி வெளிறாது. நீலச் சாயம் நூலின் மேலேதான் நிற்கும், நூலின் உட்பக்கம் வெள்ளை. உரசுப்பட்ட முழங்கால் ஒரு நிறம், மடிப்புக்குள் வேறு நிறம். பொக்கற்றைப் பிரித்தெடுத்த துண்டென்றால் அந்த இடத்தில் பொக்கற் வடிவிலேயே கரு நீலத் திட்டு இருக்கும், சுற்றிவரப் பழைய ஊசித் துளைகள் வரிசையாய் நிற்கும். ஒரு தரம் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

விற்றவர், 'கார்மென்ட்ஸ் வெட்டுத்துண்டு' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார். அதுவும் கழிவுதான், அதில் பை தைப்பதும் நல்ல காரியம்தான். ஆனால் லேபலில் அவர் எழுதியது வேறு. எனக்கு இதில்தான் எரிச்சல். பழைய களுசானைக் கழுவி, தையல் பிரித்து, ஓட்டையும் கறையும் விலக்கி, கிடைத்த துண்டுகளைப் பொருத்தித் தைக்க ஒரு நாள் போய்விடும். அந்தக் கூலியைக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுப்பேன். புறக்கோட்டையில் மீற்றர் கணக்கிலே புதுத் துணி எடுத்து, அதே கூலியைப் பூமித்தாய் பேரில் கேட்பதற்குக் களவு என்றுதான் பெயர். பற்றுச்சீட்டோடும் லேபலோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுங்கள், இலக்கம் 1977. பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பட்டி இழுபட்டு, பை இப்போது முழங்காலில் இடிக்கிறது. (தெகிவளை)

பதில்: என்னிடமும் ஒன்று இருக்கிறது, அலுமாரிக்கு மேலே. மடிக்கணினி வைத்துத் தூக்கினேன், மூன்று மாதத்தில் இடுப்புக்குக் கீழே வந்துவிட்டது. ஸ்ட்ரெச் டெனிம். இழுபடும் நூல் பெரும்பாலும் குறுக்கு நூலில்தான் இருக்கும், குறுக்கே வெட்டிப் பட்டி தைத்தால் இதுதான் கதி. வாங்கும்போது பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

கேள்வி: டெனிம் பை என் வெள்ளைச் சட்டையை நீலமாக்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊற வைக்கவா? (பம்பலப்பிட்டி)

பதில்: உப்பு கறிக்கு. பையைத் தனியாகக் குளிர் தண்ணீரில் நாலைந்து தரம் அலசுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய டெனிமில் பேர்ஸ் தைக்கிறேன். ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. (வத்தளை)

பதில்: சாதாரண ஊசியை மாற்றி, டெனிமுக்கென்று விற்கும் 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி போடுங்கள், தங்கச்சி. இடுப்புப் பட்டித் தையலைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் மெஷின் சில்லைக் கையால் சுற்றுங்கள். பொக்கற் மூலையிலுள்ள செப்பு ஆணியோடு சண்டை வேண்டாம். கிழியாமல் இருக்கவென்று 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்த ஆணி அது, உங்கள் ஊசிக்கு அசையாது. சுற்றி வெட்டுங்கள்.

கேள்வி: மகளின் சாமத்திய வீட்டுக்கு 40 சிறிய டெனிம் பைகள் ஒன்லைனில் ஓடர் கொடுத்து, 20,000 ரூபாய் முற்பணம் போட்டேன். இப்போது என் இலக்கத்தை புளொக் செய்துவிட்டார்கள். வீட்டில் ஏச்சு. (கொட்டாஞ்சேனை)

பதில்: ஏசுகிறவர்களிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள், அக்கா. ஏமாற்றியவன்தான் குற்றவாளி. காசு போட்ட கணக்கிலக்கத்தோடு இன்றைக்கே உங்கள் வங்கிக்குப் போங்கள், அப்படியே பொலிஸில் ஒரு முறைப்பாடு. உரையாடலையும் அந்தப் பக்கத்தையும் இப்போதே படமெடுத்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். பைகளுக்கு அக்கம்பக்கத்துத் தையல்காரியைக் கேளுங்கள், முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டெனிம் பை வாங்கினேன். பில் வாங்கவில்லை, கடையின் பெயரும் நினைவில்லை, பையின் சிப்பைத் திறந்தும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் சிப் ஓடவில்லை. யாரிடம் முறையிடுவது? (மருதானை)

பதில்: கண்ணாடியிடம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை, தம்பி. நீங்கள் கேட்கவேயில்லை. சிப்பில் மெழுகுதிரியைத் தேய்த்துப் பாருங்கள், சில வேளை ஓடும்.