களையும் பயிரும்

அன்புள்ள ஐயா,

குன்னூரில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ‘கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்ற குறளை, கொடியவர்களை அரசன் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பதற்குச் சமம் என்று சொல்லிக்கொடுத்தபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படின்னா தூக்குத் தண்டனை சரிதானே மிஸ்?” என்றாள். இன்னா செய்தாரை அவர் நாண நன்னயம் செய்துவிடச் சொன்னவரும் வள்ளுவர்தானே? ஞாயிறன்று கோவிலில் மன்னிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வருபவள் நான். அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ம., குன்னூர்

அன்புள்ள ம.,

அந்தப் பெண் சரியாகவே படித்திருக்கிறாள். பரிமேலழகரும் அங்கே கொலைத்தண்டனை என்றுதான் உரை எழுதுகிறார். மழுப்ப வேண்டாம்.

ஆனால் இரண்டு குறளும் ஒரே ஆளிடம் பேசவில்லை. ‘இன்னாசெய் தாரை’ துறவறவியலில் வருகிறது, அடிபட்டவனிடம் சொன்னது. மற்றது பொருட்பாலில், அரசனிடம் சொன்னது. மகனைப் பறிகொடுத்த தாய் மன்னிக்கலாம். அவள் சார்பில் அரசன் மன்னித்துவிட முடியாது. குர்ஆனும் கொலைக்குப் பழிவாங்கும் உரிமையைச் சொல்லிவிட்டு, மன்னிக்கும் வழியைக் கொல்லப்பட்டவரின் உறவுக்கே திறந்துவைக்கிறது. ஆகவே கொடியவனை ஊரிலிருந்து விலக்கி வைக்கத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தூக்கை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கேத்திப் பக்கம் கேரட் தோட்டத்தில் களையெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முளைத்துச் சில வாரங்களில் பயிரே நூல் போலத்தான் இருக்கும். பழகிய கையோடும் களையுடன் நாலு கேரட் வந்துவிடும். பிடுங்கியதை மறுபடி நட்டால் பிடிக்காது. தப்பிப் பிடித்தாலும் கிழங்கு கோணலாகத்தான் இறங்கும். உழவனுக்கு அது நாலு கேரட். அரசனுக்கு? ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்று பாண்டியன் உயிரை விட்டான், கோவலன் திரும்பவில்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘அரிதிலும் அரிதான’ வழக்குக்கு மட்டுமே தூக்கு என்று வரம்பு கட்டியது. எது அரிது என்று பார்ப்பதும் மனிதக் கண்தானே. களைகட்டச் சொன்ன வள்ளுவர், இரண்டு அதிகாரம் தள்ளி, ‘தக்காங்கு நாடி’ என்று ஆராய்வதைத்தான் முதலில் வைக்கிறார்.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். பல வருடங்களுக்கு முன் கோத்தகிரிப் பக்கம் நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஒரு ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், சாவுக்குப் போயிருந்தேன். பெரியவர் ஒருவர் பிணத்தருகே நின்று பாவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: பாம்பைக் கொன்றது, எல்லைக்கல்லை நகர்த்தியது, பெற்றவர்களை மதிக்காதது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘பாவம்’ என்றது. ஆயிரத்து முன்னூறு பாவம் என்பது அவர்கள் வாய்க்கணக்கு. எல்லாம் ஒரு கன்றின்மேல் ஏறிப் போகட்டும் என்று வேண்டினார்கள். இறந்தவர் எறும்பை மிதிக்காத மனிதர். அவருக்குமா இந்தப் பட்டியல் என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். “எல்லாருக்கும் இதேதான். இவர் செய்யலைன்னா இவரோட தாத்தா செஞ்சிருப்பாரு” என்றார்.

அன்று அது எனக்கு அநியாயமாகப்பட்டது. இப்போது, ‘தூக்கில் போடு’ என்று கூட்டம் கத்தும்போதெல்லாம் அந்த ஹட்டி நினைவுக்கு வருகிறது. அங்கே எந்தப் பாவத்தையும் யாரும் மூடி மறைக்கவில்லை. சத்தமாகப் பெயர் சொல்லிப் பாவம் என்றார்கள். செய்தவனை வேற்று ஆளாகவும் ஆக்கவில்லை.

உங்கள் வகுப்பில் படகர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். பாட்டியிடம் கேட்டு வந்து அந்தப் பட்டியலை வகுப்பில் சொல்லச் சொல்லுங்கள்.