நர்சம்மா சொல்வதை நம்பலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு உடம்பு வலி, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. தக்காளி பறிக்கக் கூலிக்குப் போவதையும் விட்டுவிட்டார். ஸ்கேன் எடுத்தும் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் நர்சம்மா, “மனச்சோர்வு மாதிரி இருக்கு, மனநல டாக்டரிடம் காட்டுங்க” என்கிறார். சொந்தக்காரர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, பாலக்கோடு

பதில்: நர்சம்மா பேச்சை.

ஓ.பி.யில் என் முன்னால் உட்கார்ந்தால் அம்மா முட்டி வலி என்பார், மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவார். “மனசு சரியில்லை” என்று நம் ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம். வீட்டுக்கே வருகிறவர் கண்ணில்தான் மத்தியானமாகியும் பற்றவைக்காத அடுப்பும், போன மாதம் கொடுத்த பிரஷர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடப்பதும் படும்.

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாள் மனசு சோர்ந்தே இருக்கிறதா? பிடித்த வேலையிலும் நாட்டமில்லையா? முதலில் கேட்க வேண்டியவை இவைதான். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் அரசுத் திட்டமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர் பார்க்கும் கையோடு இந்த இரண்டு கேள்வியையும் எல்லோரிடமும் கேட்டுவிடலாமே என்பது என் ஆசை.

சந்தேகப்படுவது நர்சம்மா வேலை, உறுதி செய்வது டாக்டர் வேலை. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் இப்படிக் காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள்.

மாத்திரை கொடுத்தால், அது போதை மாத்திரை அல்ல. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் ஆகும். முதல் வாரம் குமட்டலாம். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாட்களில் நர்சம்மாவை ஒரு நடை வந்து பார்க்கச் சொல்லுங்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது மாத்திரை தொடர வேண்டும். நிறுத்துவதை டாக்டர் சொல்லட்டும்.

கோயிலுக்குப் போங்கள், தப்பில்லை. ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், முக்கியமான ஒன்று. “செத்துப்போகலாம்னு தோணுதாம்மா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். ‘ஆமாம்’ என்று அம்மா சொன்னால் தனியே விடாதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.